வெயில் காலத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு

மார்ச், ஏப்ரலில் கொழும்புப் பக்கத்துக் குளங்களில் தண்ணீர் சுடத் தொடங்கிவிடும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும்: 20 பாகை செல்சியஸில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவில், 30 பாகையில் ஏழரைதான். நண்பகல் வெயிலில் ஜப்பான் மீன் (திலாப்பியா) இரை எடுப்பது குறையலாம். ஆழத்திலோ மர நிழலிலோ ஓடை வந்து விழும் இடத்திலோ ஒதுங்கி நிற்கலாம். மண்புழுவோ பாண் உருண்டையோ, அங்கே போடுங்கள்.

விடியற்காலைதான் நல்ல நேரம் என்பார்கள். பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும் குளத்தில் அதை நம்ப வேண்டாம். பாசியும் நீர்ச்செடிகளும் இரவு முழுக்க ஒட்சிசனை எடுத்துக்கொள்வதால், விடியும் நேரத்தில்தான் அது மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால், வெயில் ஏறி ஒரு மணி நேரமாவது போகட்டும். விரால் வேறு சாதி! அது மேலே வந்து காற்றைச் சுவாசிப்பதால் இந்தக் கவலையே இல்லை. தாமரை இலைகளுக்கு இடையில் றப்பர் தவளையை மெல்ல இழுத்துப் பாருங்கள்.

களனி கங்கைக்குப் போகிறவர்கள், மழையில்லாத நாட்களில் உப்புத் தண்ணீர் கழிமுகத்திலிருந்து உள்ளே ஏறும் என்பதால், சற்று மேலே தள்ளிப் போவது நல்லது.

அப்புறம், பின்னேர இடி. காபன் தூண்டில் தடி மின்சாரத்தைக் கடத்தும். முதல் முழக்கத்திலேயே சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள். பொல்கொடை ஏரியிலும் தியவன்னா ஏரியிலும் முதலை உண்டு, தண்ணீருக்குள் இறங்கி நிற்காதீர்கள்.