இரண்டு மாட்டினம், ஒரு டி-லூப்: டிஎன்ஏஎஸ்பி முதல்முறை செய்பவர்களுக்கு

கோவை, ஈரோடு பக்கம் முதுகலை புராஜெக்ட்டுக்கு நாட்டு மாடுகளை எடுக்கிறவர்களுக்காக இது. காங்கேயம், பர்கூர் இரண்டுக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் அதிகம் மாறும் பகுதியான டி-லூப்பை ஒப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்க. தேவை இரண்டு மென்பொருள்: வரிசைகளைச் சீராக்க மெகா (MEGA), வேறுபாட்டைக் கணக்கிட டிஎன்ஏஎஸ்பி (DnaSP). இரண்டும் இலவசம். டிஎன்ஏஎஸ்பி பார்சிலோனா பல்கலைக்கழகத்தில் உருவானது, விண்டோஸுக்கானது.

படி 1: சொந்த டிஎன்ஏ வரிசைகளோ ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் எடுத்தவையோ, ஒரே ஃபாஸ்டா (வரிசைகளை எழுத்தாக வைக்கும் FASTA) கோப்பில் போடுங்க. பெயர்கள் சின்னதாக, நடுவில் இடம் விடாமல் இருக்கட்டும்.

படி 2: மெகாவில் திறந்து அலைன் செய்யுங்க, அதாவது ஒத்த இடங்கள் ஒன்றின்கீழ் ஒன்று வரும்படி அடுக்குங்க. பாதி வேலை இங்கேதானுங்க. ஏதாவது ஒரு வரிசையில் கேப் (எழுத்து இல்லாத காலி இடம்) இருந்தாலும் அந்த இடத்தையே டிஎன்ஏஎஸ்பி கணக்கில் சேர்க்காது. 30 வரிசைகள் 900 எழுத்து நீளம், ஒன்று மட்டும் 400 என்றால், மிஞ்சுவது எல்லாவற்றுக்கும் 400தான். நானாக இருந்தால் அந்தக் குட்டை வரிசையைத் தூக்கிவிடுவேன். பர்கூரில் மொத்தமே நாலைந்து மாதிரிதான் என்றால் மட்டும் யோசிக்கணும். முனைகளைச் சமமாக வெட்டி, மறுபடி ஃபாஸ்டாவாகச் சேமியுங்க.

படி 3: டிஎன்ஏஎஸ்பியில் அதைத் திறந்து, 'டேட்டா' மெனுவில் மைட்டோகாண்ட்ரியா, ஹாப்லாய்டு (ஒற்றைப் பிரதி) என்று மாற்றுங்க. அங்கேயே 'டிஃபைன் சீக்வென்ஸ் செட்ஸ்' போய் இரண்டு இனத்தையும் தனித்தனிக் குழுவாக்குங்க.

படி 4: 'அனாலிசிஸ்' மெனுவில் 'டிஎன்ஏ பாலிமார்ஃபிசம்'. வருகிற எண்களில் π முக்கியம்: இரண்டு வரிசைகளுக்கு இடையே ஓர் இடத்துக்குச் சராசரியாக எவ்வளவு வேறுபாடு என்பது அது. கையால் ஒருமுறை போட்டுப் பாருங்க: 4 வரிசைகள், 500 இடங்கள், மாறும் இடங்கள் 4, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரிசை மட்டும் மாறுகிறது. 6 ஜோடிகளிலும் சேர்த்து வேறுபாடு 12, சராசரி 2, π = 0.004.

படி 5: டஜிமா சோதனை. ஜோடிகளின் சராசரி வேறுபாட்டை, மாறும் இடங்களின் எண்ணிக்கையிலிருந்து எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டு D என்ற எண்ணைத் தரும். அதே 4 இடங்களை 1+1/2+1/3 ஆல் வகுத்தால் 2.18. சராசரி 2 அதைவிடக் குறைவு, அதனால் D எதிர்மறை, அதாவது அரிய மாற்றங்கள் அதிகம். இனம் அண்மையில் பெருகியிருக்கலாம், தேர்வும் (செலெக்‌ஷன்) காரணமாக இருக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டுக்கு இரண்டு எனப் பிரிந்திருந்தால் சராசரி 2.67, D நேர்மறை. இரண்டு இனத்தையும் ஒரே குழுவாகப் போட்டாலும் D நேர்மறைப் பக்கம் நகரலாம். அதைப் பார்த்து "எண்ணிக்கை சரிந்திருக்கு" என்று எழுதிவிடாதீங்க. பக்கத்தில் 'P > 0.10' (புள்ளியியல்படி முக்கியத்துவம் இல்லை) என்று வந்தால் D பற்றி எந்தக் கதையும் வேண்டாம்.

படி 6: 'ஜெனரேட்' மெனுவில் ஹாப்லோடைப் (ஒரே மாதிரியான வரிசைகளின் வகை) கோப்பை நெக்ஸஸ் (NEXUS) வடிவில் எடுத்தால், பாப்ஆர்ட் (PopART) என்ற மென்பொருளில் வலைப்படம் வரைந்துகொள்ளலாம்.