பெசன்ட் நகர், அடையாறு பக்கம் பழைய ஃபிளாட் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெசன்ட் நகரில் ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் ஹாலைத் தாண்டி நேராகப் பால்கனிக்குத்தான் போவார்கள். நானும் அப்படித்தான் போய் நின்றேன். கடற்காற்று, வேப்பமரம், எதிரே அமைதியான தெரு. மனசு அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடும். இந்த வட்டாரத்தில் நீங்கள் கொடுக்கும் கோடிகளில் பெரும்பங்கு அந்தப் பால்கனிக்குப் போகவில்லை, அடியில் இருக்கும் மண்ணுக்குப் போகிறது. இது மனதில் பதியாததால்தான் மற்ற தவறுகளும் வரிசையாக வருகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி. 1980களில் அதில் 8 ஃபிளாட் கட்டி, சமமாகப் பிரித்திருந்தால் ஒவ்வொருவருக்கும் 600 சதுர அடி நிலம் சேரும். இதைத்தான் யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத பங்கு என்கிறோம். பக்கத்துத் தெருவில் அதே அளவு மனையில் 12 ஃபிளாட் கொண்ட புதுக் கட்டடம் எழுந்தால் ஆளுக்கு 400தான். தரகர் இரண்டையும் ‘ஆயிரத்து இருநூறு சதுர அடி’ என்றே சொல்வார். அவர் சொல்வது படிக்கட்டு, லிஃப்ட், பொது இடமெல்லாம் சேர்ந்த அளவு. சுவருக்குள் நீங்கள் புழங்கும் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு, நிலத்தில் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கட்டடத்துக்கு வயதாகும், நாற்பது வருடம் கழித்து உங்கள் கையில் மிஞ்சுவது அந்த 600 அல்லது 400 மட்டுமே.

பத்திரத்தில் எழுதியிருக்கும் பங்கை அப்படியே நம்புவதும் தவறு. எட்டு வீட்டுப் பத்திரங்களிலும் உள்ள பங்குகளைக் கூட்டினால் மொத்த நிலம் வர வேண்டும். சில பழைய கட்டடங்களில் வராது. கட்டியவரோ மனைக்காரரோ மொட்டை மாடியில் பின்னால் ஒரு மாடி எழுப்பலாம் என்று கொஞ்சம் பங்கைத் தன்னிடமே வைத்திருப்பார். அனுமதி பெற்ற வரைபடத்தில் மூன்று மாடி இருக்க, நேரில் நான்கு மாடி நிற்கும் கட்டடங்களும் உண்டு. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளை எண்ணிப் பாருங்கள்.

நிலம் பொதுச் சொத்து என்றால் அதில் பங்காளிகளும் உண்டு. மேல் வீட்டுக்காரரையும் கீழ் வீட்டுக்காரரையும் பார்த்துப் பேசாமல் கிரயம் முடிப்பதை நான் பெரிய தவறு என்பேன். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று அது சொல்கிறது. அதனால் இப்போது ‘பில்டர் வரப்போகிறார், பெரிய வீடாகத் திரும்பக் கிடைக்கும்’ என்று சொல்லியே விலை ஏற்றுகிறார்கள். கையெழுத்தான ஒப்பந்தம் இருந்தால் அதை வாங்கிப் படியுங்கள். இல்லையென்றால் அந்த வருங்காலத்துக்கு இன்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அசோசியேஷன் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் புரட்டினால் யாருக்கு யாரோடு ஆகாது, யார் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அரை மணியில் தெரிந்துவிடும்.

அடுத்தது விற்கிறவர்கள். இந்தப் பகுதியில் அடிக்கடி காணும் கதை இது: அப்பா வாங்கினார், அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள், பிள்ளைகளில் ஒருவர் சென்னையில், மற்றவர்கள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ. ஊரில் இருக்கும் அண்ணனிடம் பேசி, அவர் கையில் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். தங்கைக்கும் சம பங்கு உண்டு. அவர் கையெழுத்து இல்லாத கிரயம் பின்னால் வழக்காகும். வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும், அல்லது தம் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், அதாவது முறையான பவர் கொடுத்திருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்தாரா என்பதைப் பதிவுக்கு முந்தைய நாள்வரை பாருங்கள். பவர் பத்திரத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் சொத்து உங்களுடையது ஆகாது; 2011இல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வரிப் பிடித்தத்திலும் இங்கேதான் அடிபடுகிறார்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்துக்கு, விற்பவர் இங்கேயே வசிப்பவர் என்றால் வாங்குகிற நாம் விலையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரியாகக் கட்ட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் கணக்கே வேறு. நீண்ட கால லாபத்துக்கான 12.5 சதவீதமும் அதன் மேல் கூடுதல் வரிகளும் உண்டு. என் சித்தப்பா மகன், தனக்கு விற்ற அண்ணன் தங்கை இருவருக்கும் சேர்த்து 1 சதவீதம் பிடித்துவிட்டு நிம்மதியாக இருந்தான். வெளிநாட்டில் இருந்த தங்கையின் பங்குக்குக் குறைவாகப் பிடித்ததற்காக நோட்டீஸ் அவனுக்குத்தான் வந்தது. குறைவாகப் பிடித்தால் வாங்கியவர்தான் பொறுப்பு. ஆடிட்டரை அட்வான்ஸுக்கு முன்னாலேயே பாருங்கள்.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார், சரி. பெசன்ட் நகரில் பல மனைகள் வீட்டு வசதி வாரியம் ஒதுக்கியவை. முதல் ஒதுக்கீடு பெற்றவருக்கு வாரியம் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்ததா என்று கேட்கச் சொல்லுங்கள். மயிலாப்பூர் பக்கம் போனால் நிலம் கோயிலுடையதா என்று பாருங்கள். கோயில் நிலத்தில் கட்டடம் மட்டும் கைமாறும், மண் உங்களுக்கு வராது. நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

இனி கட்டடம். கடற்கரையிலிருந்து நாலு தெரு உள்ளே இருந்தாலும் உப்புக்காற்று கம்பியைத் தின்னும். விற்பதற்கு முன் ஹாலுக்குப் பெயின்ட் அடித்திருப்பார்கள். நீங்கள் அங்கே பார்க்காதீர்கள். கார் நிறுத்தும் இடத்தின் மேற்கூரை, சன்ஷேடின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டியின் அடி, மாடிப்படித் திருப்பம் இங்கெல்லாம் சிமென்ட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஒரு கட்டட இன்ஜினியரைக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு அப்புறம் விலை பேசலாம்.

தண்ணீரை மே மாதத்தில் பார்க்க வேண்டும், மழையை நவம்பரில். ஜனவரியில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான். போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று வாயில் வைத்துப் பாருங்கள். மெட்ரோ வாட்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கோடையில் எத்தனை லாரி வாங்குகிறார்கள் என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும். ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு, பழைய கட்டடங்களின் தரைத்தளம் ரோட்டைவிடப் பள்ளமாகிப் போனதும் இங்கே உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது கோட்டூர்புரத்தில் கீழ் வீடுகள் மூழ்கின. ஆற்றோரம் தரைத்தளம் வாங்குவதாக இருந்தால் அந்த டிசம்பரில் தண்ணீர் எந்த மட்டம்வரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

செலவுக் கணக்கில் பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். இதைக் குறைக்க ‘பாதி ரொக்கமாகக் கொடுங்கள்’ என்பவரிடம் வாங்காதீர்கள். நாளை நீங்கள் விற்கும்போது அந்த ரொக்கம் வாங்கிய விலையில் சேராது, அதற்கும் சேர்த்து லாப வரி கட்டுவீர்கள்.

கார் நிறுத்தும் இடத்தைத் தனியாக விலை பேசி விற்பார்கள். திறந்தவெளி பார்க்கிங்கைத் தனியாக விற்க முடியாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்த இடம் உங்களுடையது என்பதை அசோசியேஷனிடம் எழுத்தில் வாங்குங்கள். பார்ப்பதற்கு வார நாள் காலையில் போகாமல் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குப் போங்கள். எலியட்ஸ் கடற்கரைக்கு ஊரே வந்திருக்கும். முடிந்தால் ஆகஸ்ட் 29இலிருந்து செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா நடக்கும்போதும் ஒருமுறை போய், காரை ஃபிளாட் வாசல்வரை கொண்டுபோக முடிகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.