பெரிய அட்வெஞ்சர் பைக் வாங்கும் முன் எடையைப் பாருங்கள்

தார்ச்சாலை, மண்பாதை இரண்டிலும் நெடுந்தூரம் செல்வதற்கான பெரிய அட்வெஞ்சர் பைக் வாங்க நினைப்பவர்கள் குதிரைத்திறனைவிட எடையையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ இருந்தது. 2023இல் அறிமுகமான ஆர் 1300 ஜிஎஸ் 237 கிலோவாகக் குறைந்தது. ஆனால் 30 லிட்டர் டேங்க் கொண்ட அதன் ‘அட்வெஞ்சர்’ என்ற பெயர்கொண்ட வகை 269 கிலோ வருகிறது. டேங்க் நிரம்பினால் பெட்ரோல் மட்டுமே ஏறத்தாழ 22 கிலோ, அதுவும் உயரத்தில் இருப்பதால், நின்ற நிலையில் வண்டி சற்றுச் சாய்ந்தாலே தாங்கிப் பிடிப்பது கடினமாகிவிடும்.

ஆகவே, கீழே விழுந்த வண்டியைத் தூக்கும் முறையைப் பயணத்துக்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டில் அழுத்தி, ஒரு கையால் ஹேண்டில்பார் பிடியையும் மறு கையால் பின்புறச் சட்டத்தையும் பற்றி, முதுகை வளைக்காமல் கால்களின் வலுவால் சிறு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்தால் வண்டி எழுந்துவிடும். பக்கப் பெட்டிகளைக் கழற்றிவிட்டால் இன்னும் எளிது.

வண்டி நிற்கும்போது சஸ்பென்ஷன் தாழ்ந்து இருக்கை உயரம் தானாகக் குறையும் வசதி 2021இல் ஹார்லி பான் அமெரிக்கா ஸ்பெஷலில் வந்தது. இது நிச்சயம் பரவ வேண்டிய நல்ல மாற்றம். எனினும் அது எடையைக் குறைப்பதில்லை. மண்பாதையில் தனியாகச் செல்பவருக்கு நான் 700 சிசி அளவிலான வண்டியையே பரிந்துரைப்பேன். நெடுஞ்சாலையில் இருவராக, சுமையோடு நாள் முழுதும் ஓட்டுபவருக்குப் பெரிய எஞ்சினே பொருத்தம்.