பயற்றங்கொடியில் அசுவினியா? முதலில் எறும்பைத் தடுங்கள்

பயற்றங்கொடியின் நுனியில் கறுப்பு எள்ளை அப்பியதுபோல, சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி மொய்த்தால் உடனே மருந்தைத் தேடாதீர்கள். பெண் அசுவினி ஆண் துணையின்றியே குட்டி போடும். நம் வெயிலில் அந்தக் குட்டியும் சுமார் ஒரு வாரத்தில் தாயாகிவிடும். அதைத் தின்னும் பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக 2 முதல் 3 வாரம் பிடிக்கும். மருந்து இரண்டையும் கொன்றால் முதலில் பெருகுவது அசுவினிதான்.

எறும்பைப் பாருங்கள். அசுவினி கசியவிடும் இனிப்பு நீருக்காக அது காவல் நின்று பொறிவண்டை விரட்டுகிறது. மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி பால்கனியில், தண்டிலும் ஊன்றுகோலிலும் டேப் சுற்றி அதன்மேல் வாசலின் களிம்பு தடவினேன். ஓர் இலை கம்பியைத் தொட்டாலும் அதுவே எறும்புக்குப் பாலம், அதையும் கிள்ளிவிடுங்கள். எறும்பைத் தடுக்கிறேன் என்று தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கவே வேண்டாம், ஏடிஸ் கொசு முட்டையிடும்.

சில நாட்களில் குட்டி முதலைபோல ஒரு கருமையான புழு ஊர்ந்தது. பலர் இதைப் பூச்சியென்று நசுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து விட்டுவையுங்கள், அது பொறிவண்டின் பிள்ளை. புழு இல்லாத நுனிகளில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவுங்கள்.