குழுவாகப் போய் மாஸ், லைக்கன் அடையாளம் காண்பது எப்படி?

இயற்கை நடைக்குப் போகும் குழுக்கள் மரத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடும். அதே மரத்தின் பட்டையில் வளரும் மாஸ் (மெத்தைபோல் படரும் சிறு பச்சைத் தாவரம்), லைக்கன் (திட்டுத் திட்டாகப் படரும் கூட்டுயிரி) இரண்டையும் பார்க்க ஒரு காலைப்பொழுதுக்கு வேலை இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்களோடு தொடர்ந்து போனதில், எனக்குப் பலன் தந்த முறை இது.

படி 1: நடக்காதீர்கள்

ஒரு மரம், ஒரு பாறை அல்லது ஒரு பழைய சுவர் போதும். ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் அடித்தூர், ஒருவர் மழைநீர் வழியும் தடம், ஒருவர் வெயில் படும் பக்கம். பெயர் எதுவும் தேட வேண்டாம். "என் பக்கத்தில் வேறு வேறாகத் தெரிபவை இவை" என்று ஒவ்வொருவரும் காட்டினால் போதும்.

படி 2: லென்ஸ்

10 மடங்கு கை லென்ஸ் வாங்குங்கள். 20 மடங்கு வேண்டாம். பார்வைப் பரப்பு சுருங்கிவிடும், கை சற்று அசைந்தாலும் காட்சி மங்கிவிடும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, முகத்தையே பட்டைக்கு அருகில் கொண்டுபோங்கள். சுமார் இரண்டரை செ.மீ. தூரத்தில் தெளிவாகும். கையை நீட்டி லென்ஸைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது.

படி 3: மாஸா, லைக்கனா?

மாஸுக்குத் தண்டும் நுண்ணிய இலைகளும் உண்டு. லைக்கனுக்கு அவை கிடையாது; பூஞ்சையும், ஆல்காவோ சயனோபாக்டீரியாவோ (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) சேர்ந்த கூட்டுவாழ்வு அது. பட்டையில் ஆரஞ்சு நிறத்தில் தூளாகப் படர்ந்திருப்பதை உடனே லைக்கன் என்று எழுதிவிடாதீர்கள். டிரென்டிபோலியா என்ற தனி ஆல்காவும் அப்படித்தான் இருக்கும்.

படி 4: தண்ணீர் தெளிப்பது

என்னை நீண்ட நாள் தடுமாற வைத்த படி இதுதான். உலர்ந்த மாஸ் இலைகளைச் சுருட்டிக்கொண்டு, உயிரில்லாததுபோல் கிடக்கும். தண்ணீர் பட்டால் சில நிமிடங்களில் விரியும். அப்போதுதான் இலை வடிவமும் நடுநரம்பும் தெரியும். லைக்கனோ நிறமே மாறும். சாம்பல் நிறத்தில் இருந்தது பச்சையாகிவிடும், ஏனென்றால் ஈரத்தில் மேல்தோல் ஒளி ஊடுருவுவதாகி உள்ளிருக்கும் ஆல்கா அடுக்கு தெரிகிறது. கொலீமா என்ற லைக்கன் வகைகள் காய்ந்தால் கறுத்து மெலிந்திருக்கும். நனைந்தால் கூழாக உப்பும்.

இரண்டு நிலையும் அடையாளத்துக்குத் தேவை. இலை காய்ந்தபோது எப்படிச் சுருள்கிறது என்பதே சில மாஸ்களைப் பிரித்துக்காட்டும் குறிப்பு. குழுவில் ஒருவர் ஆர்வத்தில் முதலிலேயே தெளித்துவிட்டால், மற்றவர்களுக்கு உலர்ந்த நிலை கிடைக்காது. அதனால் தெளிப்பான் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். எல்லோரும் பார்த்து, படமெடுத்த பிறகு, திட்டின் பாதியை மட்டும் நனையுங்கள். உலர்ந்த பாதியும் ஈரப் பாதியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் நல்ல பாடம் வேறில்லை.

படி 5: வடிவம்

லைக்கனில் முதலில் பார்க்க வேண்டியது அது வளரும் விதம். சொரசொரப்பாகப் பட்டையோடு ஒட்டிப் பிரிக்க முடியாமல் இருந்தால் கிரஸ்டோஸ். விளிம்பு தூக்கி இலைபோல் இருந்தால் ஃபோலியோஸ். தொங்கியோ கிளைத்தோ இருந்தால் ஃபுருட்டிகோஸ். பிறகு மேற்பரப்பில் கிண்ணங்கள், தூள், நுண் குச்சிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிராஃபிஸ் என்ற லைக்கனில் கிண்ணத்துக்குப் பதில் கறுப்புக் கோடுகள் இருக்கும். அஸ்னியா என்ற லைக்கனின் இழைக்குள் வெள்ளை மையநாண் ஓடும். தரையில் உதிர்ந்து கிடக்கும் இழையை மெல்ல இழுத்தால் தெரியும்.

மாஸில் வித்துக்காம்பு (வித்துப்பையைத் தாங்கும் காம்பு) எங்கிருந்து கிளம்புகிறது? நிமிர்ந்த தண்டின் நுனியிலிருந்தா, படர்ந்த தண்டின் பக்கவாட்டிலிருந்தா? இந்த ஒரு கேள்வியே தேடலைப் பெரிதும் சுருக்கிவிடும்.

படி 6: பதிவு

தூரத்தில் ஒன்று, அருகில் ஒன்று, லென்ஸ் வழியே ஒன்று எனப் படமெடுங்கள். மரமா, பாறையா, மண்ணா, சுண்ணாம்புச் சுவரா என்று கட்டாயம் எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலி படத்தைப் பார்த்துத் தரும் பரிந்துரையைப் பேரினம் (genus) வரை மட்டும் நம்புங்கள். இனம் வரை போகப் பல சமயம் நுண்ணோக்கி தேவை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நிறமாற்றம் பார்க்கும் சோதனையைக் குழு நடையில் செய்யாதீர்கள். அது தோலையும் கண்ணையும் அரிக்கும்.

பின்சேர்க்கை: இலைகள் இரு வரிசையில் இருந்ததால் லிவர்வோர்ட் (மாஸுக்கு உறவான சிறு தாவரம்) என்று எழுதிவிட்டதாகச் சிலர் படம் அனுப்பியிருந்தார்கள். இலையில் நடுநரம்பு தெளிவாக இருந்தது. அப்படியானால் அது ஃபிஸிடென்ஸ் என்ற மாஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இலையுள்ள லிவர்வோர்ட்டுகளுக்கு நடுநரம்பு கிடையாது.

இன்னொன்று: மாதிரி எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பாறை லைக்கன்களில் சில ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை. பாதுகாக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. அனுமதி இருந்தால், விரல்நுனி அளவு மட்டும், காகித உறையில். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். உறையின் மேல் தேதி, இடம், எதன்மேல் வளர்ந்தது என்பதை அங்கேயே, பென்சிலால் எழுதுங்கள்.