துணி மவுஸ் பேட்: ஆபீஸுக்கும் கேமுக்கும் ஒன்றே போதுமா?

போதும், அளவைக் கேமுக்கு ஏற்றபடி எடுத்தால். அதனால் டிசைனைப் பார்க்கும் முன் ஸ்கேலை எடுங்கள்.

1. அளவு

மவுஸ் 800 டிபிஐயில் (ஓர் அங்குல நகர்வை மவுஸ் எத்தனை புள்ளியாக எண்ணுகிறது என்ற அளவு), முடுக்கம் (வேகமாக இழுத்தால் கர்சரைக் கூடுதலாக ஓட்டும் அமைப்பு) அணைத்திருந்தால், ஓர் அங்குல நகர்வுக்கு கர்சர் 800 பிக்சல் ஓடும். 1920 பிக்சல் அகலத் திரையைக் கடக்க 2.4 அங்குலம், அதாவது சுமார் 6 செ.மீ. எக்செல் வேலைக்கு 25 × 21 செ.மீ. பேட் தாராளம்.

துப்பாக்கிச் சண்டை கேமில் கணக்கே வேறு. கேமில் உங்கள் வீரரை நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றவைத்து, மவுஸ் போன தூரத்தை அளந்து பாருங்கள். 40 செ.மீ. வந்தால், பின்னால் திரும்ப 20 செ.மீ. வேண்டும், அதுவும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும். 45 செ.மீ. அகலத்துக்குக் குறைந்தால் விளிம்பில் இடிப்பீர்கள்.

2. விரிப்பது

சுருட்டி வந்த பேட்டை எதிர்ப்பக்கமாகச் சுருட்டிப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு இரவு முழுக்கப் புத்தகங்களை அடுக்கி வைத்தால் படிந்துவிடும். இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம்; சூட்டில் பசை விட்டு, துணி ரப்பரிலிருந்து உரியும்.

3. சோதனை

கர்சரை ஒரு சிறிய ஐகான் மேல் மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்துங்கள். கிளம்பும்போது ஒட்டிக்கொண்டு, பிறகு திடுக்கென்று தாவுகிறதா? கையை அழுத்துகிறீர்களா என்று முதலில் பாருங்கள். 4 மி.மீ. மெத்தென்ற பேட்டில் அழுத்தினால் மவுஸ் அமிழ்ந்து இழுக்கும். மேசை சமமாக இருந்தால் 2 அல்லது 3 மி.மீ. போதும். சில பேட்டில் நெசவு காரணமாகக் குறுக்கே ஒரு வேகம், நெடுக்கே ஒரு வேகம் இருக்கும். ஆபீஸில் தெரியாது, குறி பார்க்கும்போது தெரியும்.

சொரசொரப்பான துணி குறியை நிறுத்த உதவும். நாள் முழுக்க இழுத்தால் கை சோரும். இரண்டுக்கும் ஒன்றே என்றால் நடுத்தரமானதை எடுங்கள்.

4. மந்தமானால்

டிபிஐயை ஏற்றாதீர்கள். முதலில் மவுஸின் அடிப்பாதத்து அழுக்கைத் துடையுங்கள். பல நேரம் புகார் அதோடு தீரும். தீராவிட்டால், உள்ளங்கை படும் இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் ஏறியிருக்கும். வெதுவெதுப்பான நீர், சில துளி பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான ஸ்பாஞ்ச். சோப்பு மிஞ்சினால் பிசுபிசுக்கும், ஆகவே நன்றாக அலசுங்கள். பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள்.

கழுவிய பிறகும் மூலையைவிட நடுப்பகுதி மந்தம் என்றால் நெசவு தேய்ந்துவிட்டது. துணிப்பக்கம் மேலேயே இருக்க, பேட்டை அரைச் சுற்று திருப்பிப் போட்டு, தேயாத பகுதியில் கொஞ்ச காலம் ஓட்டலாம்.