நிலாவை எடுக்கும்போது வளையத்தைக் கடைசிவரை திருப்பாதீர்கள்

2025 செப்டம்பர் 7, முழுச் சந்திர கிரகணம். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் எங்கள் மொட்டை மாடிக்கு வந்து டிரைபாடை விரித்தான். கேமராவில் 70-300 லென்ஸ். “எல்லாம் ரெடிண்ணா, ஃபோகஸ் ரிங்கைக் கடைசிவரைக்கும் திருப்பி வெச்சுட்டேன்” என்றான் பெருமையாக. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஃப்ளாஷ் போடாதே, கையில் பிடித்து எடுக்காதே என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் முதல் நாளே தானாகப் புரிந்துவிடும்.

நிலா தூரத்தில்தானே என்று வளையத்தைக் கோடிக்குத் தள்ளுவது

2018 ஜூலை 27 இரவு. இந்த நூற்றாண்டிலேயே மிக நீளமான முழுக் கிரகணம், 103 நிமிடம். நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு முழுசாக மறைந்து 2:43 வரை செம்பு நிறத்தில் கிடந்தது. மறுநாள் தூக்கம் போனால் போகட்டும் என்று உட்கார்ந்து இருநூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். கேமராவின் குட்டித் திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்தன. காலையில் கணினியில் திறந்தால் பாலில் ஊறிய ரஸ்க் மாதிரி ஓரமே இல்லாத உருண்டை. இருநூறும் அப்படியே. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

காரணம் ரொம்பச் சின்னது. பெரும்பாலான ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் வளையம் முடிவிலியை, அதாவது வெகுதூரத்துப் பொருள் கூர்மையாகத் தெரியும் இடத்தை, தாண்டியும் கொஞ்சம் திரும்பும். வெயிலிலும் குளிரிலும் லென்ஸ் விரிந்து சுருங்கும், மோட்டாருக்கும் முன்பின் நகர இடம் வேண்டும். அதற்காக விட்ட இடம் அது. கோடியில் நிறுத்தினால் நிலாவைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். 300 எம்எம் லென்ஸில் சென்சார்மேல் விழும் நிலா 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை வெட்டிப் பெரிதாக்கித்தான் பார்க்கப்போகிறோம். மயிரிழை பிசகினாலும் தெரியும்.

செய்ய வேண்டியது: லைவ் வியூவை (பின்திரையில் நேரடியாகப் பார்ப்பது) போடுங்கள், நிலாவின் ஓரத்தைத் திரையில் 10 மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மெல்லத் திருப்பினால் ஓரம் கூர்மையாகி மறுபடி மங்கும். கூர்மையான இடத்துக்குத் திரும்பி வந்து நிறுத்துங்கள். லென்ஸில் உள்ள பொத்தான் எம்எஃப்-இல், அதாவது கையால் ஃபோகஸ் செய்யும் நிலையில், இருக்கட்டும். நான் வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவேன். அதன்பின் ஜூமைத் தொடக் கூடாது. 200-இல் ஃபோகஸ் வைத்து 300-க்கு இழுத்தால் பல ஜூம் லென்ஸ்களில் ஃபோகஸ் நகர்ந்துவிடும். இன்னொன்று, கிரகண நாளில் இதெல்லாம் நிழல் படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முழுசாக மறைந்த நிலாவைப் பார்த்து ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும், எதிலும் நிற்காது.

பையனின் வளையத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்பினேன். திரையில் டைக்கோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. “இவ்வளவுதானாண்ணா?” என்றான். இவ்வளவுதான். எனக்கு அதைச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

இரவு என்று நினைத்து எக்ஸ்போஷர் வைப்பது

நமக்குத்தான் இரவு, நிலா வெயிலில் இருக்கிறது. கேமராவை அதன் போக்கில் விட்டால் சுற்றியுள்ள கறுப்பைப் பார்த்து ஏமாந்து, நிலாவை வெள்ளைத் தட்டாக்கிவிடும். மேனுவலுக்கு மாறுங்கள். பௌர்ணமிக்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 11, ஷட்டர் 1/100 விநாடியில் தொடங்கலாம். அரைநிலாவுக்கு ஐஎஸ்ஓ 200, எஃப் 8, அதே 1/100. கிரகணம் முழுசானதும் இந்தக் கணக்கு செல்லாது; ஷட்டரை ஒரு விநாடிப் பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

பௌர்ணமிக்காகக் காத்திருப்பது

எல்லாரும் செய்வது. ஆனால் அன்று வெயில் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, படம் தட்டையாக வரும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி எடுத்துப் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் குழித்துத் தெரியும். இரண்டு நாள் கழித்து, தசமி வாக்கில், கோப்பர்னிக்கஸ் பள்ளம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். பொழுது சாயும்போதே நிலா உச்சியை ஒட்டி நிற்பதால் ராத்திரி கண்விழிக்கவும் வேண்டாம்.

சுட்ட தளத்தில் உடனே நிற்பது

பகல் முழுக்க வெயில் குடித்த மாடி இருட்டிய பிறகும் அனல் விடும். நிலா தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். தளம் ஆறட்டும். பக்கத்து வீட்டு ஏசி வெளியூனிட்டுக்கு மேலாகவும் குறிவைக்காதீர்கள்.

ஜன்னல் கண்ணாடி வழியாக

வேண்டாம்.